இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில்

பல் வைத்தியரின் நாற்காலியைச் சுற்றி
ஒரு கடிகாரம் உண்டு. சுவரில் இல்லை.
படுத்திருப்பவரின் உச்சந்தலை பன்னிரண்டு,
மோவாய் ஆறு.
டாக்டர் வோஸ் ஒன்பதில் உட்காருவார்,
முதுகு வலிக்கும் நாளில் பதினொன்றில்.
நான் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்.
ஆறு வருடமாக என் பிழைப்பு
அந்த இரண்டு மணிக்குள் நடக்கிறது.

அதற்கு முன் யாகிமாவில், குளிர்கிடங்கில்,
பெல்ட்டில் உருண்டுவரும் ஆப்பிள்களில்
அடிபட்டதை விலக்கிக்கொண்டிருந்தேன்.
'இப்போதும் கறுத்த இடம் தேடும் வேலைதானே, ஒதிலியா'
என்பான் என் தம்பி எரஸ்மோ.
தேடுவது அவர்.
நான் வெளிச்சத்தைத் திருப்புகிறேன்,
நாக்கை ஒதுக்குகிறேன்,
எச்சில் குளமாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
உள்ளங்கை திறக்கும், அதுதான் உத்தரவு.
என் சுண்டுவிரல் பழைய கருவியை வாங்கும்போதே
பெருவிரல் புதியதைக் கொடுத்திருக்கும்.
இதற்குச் சான்றிதழ் கேட்டது
புதிதாக வந்த மேலாளர்.

மூன்று தாள்.
குழந்தை தூங்கிய பிறகு சமையல் மேடையில்
நூற்று இருபத்தோரு டிகிரி, பதினைந்து நிமிடம் என்று
கிருமிகளின் சாவை மனப்பாடம் செய்தேன்.
முதல் முறை எக்ஸ்ரே தாளில் போயிற்று.
'எது பொருந்தாது' என்று கேட்ட இடமெல்லாம்
பொருந்துவதையே தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
கட்டிய பணம் கட்டியதுதான்.
பல்லைக் கடித்துக்கொண்டு
மறுபடி கட்டினேன்
(கடிக்காதீர்கள், எனாமல் தேயும் என்று
நாள் முழுக்கச் சொல்கிறவள்).

எண்களில் ஒன்று மட்டும் படிக்காமலே தெரியும்.
பத்தொன்பது: கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
எனக்கு அங்கே ஈறுதான்.
தேவாலய வாசலில் நின்ற இலவச வேனில்
இருபது வயதில் பிடுங்கினார்கள்.
வைத்தியர் தனியாள்.
என் நான்கு மணிப் பக்கத்தில்
ஒரு மடக்கு நாற்காலி, அதன்மேல் அவர் கோட்டு.

இரண்டாம் முறை பரீட்சைக்கூடத்தில்
கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் எழுந்து வந்தாள்.
'உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?'
குனிந்து பார்த்தேன்.
கேள்வி நாற்பத்திரண்டு, கருவி கைமாற்றும் முறை.
என் இடது கை அந்தரத்தில்
இல்லாத ஒருவருக்கு
எதையோ நீட்டிக்கொண்டிருந்தது.
'இல்லை, படித்துக்கொண்டிருக்கிறேன்' என்றேன்.

தேறியதைத் திரை சொன்னது, ஒரே வரியில்.
வண்டி நிறுத்துமிடத்தில் எரஸ்மோவை அழைத்தேன், எடுக்கவில்லை.
பர்கர் வாங்கி, வலப்பக்கமாக மென்றேன்.

சட்டம் போட்டு மாட்டியாயிற்று.
டாக்டர் வோஸ் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்:
'கொஞ்சம் கோணலாக இருக்கிறது.'
மணிக்கு ஒரு டாலர் நாற்பது காசு கூடியது.
உள்ளங்கை
பழையபடியே திறக்கிறது.

இன்று காலை ஒரு பேரிக்காய் லாரி ஓட்டுநர்,
பேர் பாம்ஃபிலோ, வேர் சிகிச்சை.
வாயில் பஞ்சும் ரப்பர் திரையும் எங்கள் நான்கு கைகளும்.
உதடு சேராது, நாக்கு எழாது.
இந்த நாற்காலியில் பேசுகிறவர்களுக்கு
மெய்யெழுத்து கிடையாது, உயிர் மட்டும்தான்.
'ஆ ஏ ஓ ஆ?' என்றார்,
கண்ணோரம் நனைந்திருந்தது.
ஆறு வருடத்தில் இந்த மொழி வந்துவிட்டது.
இன்னும் எவ்வளவு நேரம் என்கிறார்.
இன்னும் முக்கால் மணி.

'முடிந்தேவிட்டது' என்றேன்.
மெய் இல்லாமல் கேட்டவருக்கு
மெய் இல்லாமல் ஒரு பதில்.